இதயக் குழாய் எந்த வழியாகப் போகிறது? பெங்களூரில் முதன்முறை சி.டி. ஆஞ்சியோ எடுப்பவர்களுக்கு

ஸ்கேன் அறையில் ஸ்பீக்கர் பேசும்: "உசிரு பிடி." அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து வளர்ந்த நம் ஆட்கள் சட்டென்று மூச்சை விட்டுவிடுவார்கள். போன மாதம் தர்மபுரியிலிருந்து வேலைக்கு வந்த தம்பியோ இன்னும் இறுக்கிப் பிடிப்பார். கன்னடத்தில் 'பிடி' என்றால் விடு. பிடிப்பதற்கு அங்கே 'ஹிடி'. "ஹிடிதுகொள்ளி" என்று சொன்னால்தான் பிடிக்க வேண்டும். உசிரு, கொள்ளி இரண்டையும் ஆஸ்பத்திரிக்குள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு ஒரு பாட்டி மேஜையிலிருந்து எழுந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் பதினைந்து வருஷமாக சி.டி. அறையில் டெக்னீஷியன் வேலை எனக்கு. முப்பது நாற்பது வயதில், "கரோனரி குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருக்கலாம், ஒரு சி.டி. எடுத்துப் பார்ப்போம்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, வீட்டில் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்வது டாக்டர் வேலை. ஸ்கேனுக்கு எப்படித் தயாராவது, உள்ளே என்ன நடக்கும், ரிப்போர்ட்டில் எந்த வரியைத் தேடுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

எதைத் தேடுகிறோம்

இதயம் ஊர் முழுக்க ரத்தம் அனுப்பினாலும், அதன் தசைக்குத் தேவையான ரத்தம் தனியாக இரண்டு குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. வலது கரோனரி ஒன்று, இடது கரோனரி ஒன்று. இடது குழாய் கொஞ்ச தூரம் போனதும் இரண்டாகப் பிரியும். தொடக்கத்தில் இவற்றின் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான்.

இரண்டும் கிளம்புவது, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனியின் அடிவாரத்தில். அந்த இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வில்வ இலை மாதிரி மூன்று இதழ் தெரியும். வலது குழாய் வலது இதழிலிருந்தும், இடது குழாய் இடது இதழிலிருந்தும் கிளம்ப வேண்டும். மூன்றாவது இதழில் எதுவும் கிளம்பாது. தாயின் வயிற்றில் உருவாகும்போது சிலருக்கு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வலது குழாய் இடது இதழிலிருந்து கிளம்பலாம், இடது குழாய் வலது பக்கத்திலிருந்து கிளம்பலாம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய் இருக்கலாம், குழாய் போய்ச் சேரக்கூடாத அறையில் திறந்துகொள்ளலாம். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒன்று இருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். ஆகவே சீட்டில் அந்த வார்த்தையைப் பார்த்தவுடன் குலதெய்வத்துக்கு முடி இறக்க வேண்டிக்கொள்ள வேண்டாம்.

சந்தேகம் ஏன் வருகிறது

கவனிக்க வேண்டிய முக்கிய அறிகுறி ஓடும்போதோ, மாடி ஏறும்போதோ, பந்து விளையாடும்போதோ மயங்கி விழுவது. வெயிலில் வரிசையில் நின்று மயங்குவது வேறு ரகம். உடம்பு உழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண் இருட்டுவதும், நெஞ்சு இறுக்குவதும், இளம் வயதில் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. ஈ.சி.ஜி.யும் டிரெட்மில்லும் சரியாக இருந்தாலும் இந்தக் கோளாறு ஒளிந்திருக்கலாம். எக்கோவில் குழந்தைகளுக்குக் குழாயின் வாய் ஓரளவு தெரியும். பெரியவர்களுக்கு நெஞ்செலும்பும் நுரையீரலும் மறைத்துக்கொள்வதால் அது கஷ்டம்.

அமெரிக்காவில் பீட் மராவிச் என்று ஒரு கூடைப்பந்து வீரர் இருந்தார். பத்து வருஷம் தொழில்முறையில் ஆடியவர். 1988 ஜனவரி 5 அன்று, 40 வயதில், நண்பர்களோடு சும்மா விளையாடிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்து இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில்தான் அவருக்கு இடது கரோனரியே இல்லை என்பது தெரிந்தது. அவர் காலத்தில் உயிரோடு இருப்பவரின் குழாயை இவ்வளவு எளிதாகப் பார்க்கும் சி.டி. இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

நம் ஊரில் 2021 அக்டோபரில் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது இதயப் பரிசோதனைக்கு இளைஞர்கள் சாரிசாரியாக வந்தார்கள். அவருக்கு நடந்தது வேறு, இந்தப் பிறவிக் கோளாறு அல்ல. ஆனால் பயம் ஒன்றுதான். பயத்துக்காக மட்டும் சி.டி. எடுக்காதீர்கள். அறிகுறி இருக்க வேண்டும், டாக்டர் எழுத வேண்டும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

பலரும் கோட்டைவிடும் படி இது. 'சி.டி. கரோனரி ஆஞ்சியோ' என்று மட்டும் எழுதியிருந்தால், நாங்கள் அடைப்பு தேடும் வழக்கமான முறையில் எடுப்போம். பிறவிக் கோளாறு சந்தேகம் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் எங்கள் வேலையே மாறும். படத்தில் குழாய் பளிச்சென்று தெரிய ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவோம், அதற்குப் பெயர் டை. வழக்கமாக அந்த டை இதயத்தின் வலது பக்கத்திலிருந்து கழுவப்பட்டு, இடது பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்கும்படி நேரம் பார்ப்போம். கோளாறைத் தேடும்போது பக்கத்தில் உள்ள நுரையீரல் தமனியும் ஓரளவு தெரிய வேண்டும், இல்லையென்றால் குழாய் அதற்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று சொல்வது சிரமம். படம் எடுக்கும் உயரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். இதயம் விரியும்போது மட்டுமல்லாமல் சுருங்கும்போதும் படம் வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், கேட்கலாம்.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: "சார், என்ன சந்தேகம்னு சீட்டுலயே எழுதிடுங்களேன்." இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முன்பே வயர் விட்டு ஆஞ்சியோ எடுத்து, "குழாயின் வாய் கிடைக்கவில்லை" என்று திரும்பியவரானால் அந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். அதுவே ஒரு துப்பு. வயர் ஆஞ்சியோ குழாயின் உள்பக்கத்தை அருமையாகக் காட்டும். அதற்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியாது. அந்த இடத்தில்தான் சி.டி. கைகொடுக்கிறது.

எங்கே போவது

இதய சி.டி.க்குக் குறைந்தது 64 ஸ்லைஸ், அதாவது ஒரே சுற்றில் 64 அடுக்குப் படம் எடுக்கும் இயந்திரம் வேண்டும். தலைக்கு, வயிற்றுக்கு எடுக்கும் எல்லா இடத்திலும் இதயத்துக்கும் நன்றாக எடுப்பார்கள் என்று நினைக்காதீர்கள். போனில் இரண்டே கேள்வி போதும்: இதய சி.டி. வாரத்தில் எத்தனை எடுக்கிறீர்கள், இதயப் படம் படிக்கப் பழகிய ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கிறாரா. சுற்றிவளைத்துப் பதில் வந்தால் அடுத்த இடம் பாருங்கள். இயந்திரத்துக்கு அணு ஆற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஜெயநகர் 9வது பிளாக்கில் அரசின் ஜெயதேவா இதய மருத்துவமனை இருக்கிறது, பொம்மசந்திரா பக்கம் பெரிய தனியார் இதய மருத்துவமனை வளாகம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்ததிலிருந்து இரண்டுக்கும் சில்க் போர்டு நெரிசலில் மாட்டாமல் போகலாம். அல்சூரிலிருந்து வருபவர்கள் மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் வண்டி மாற வேண்டும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஓடிவருபவரின் இதயத் துடிப்பு 110 இருக்கும். அது 60க்கு இறங்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

முதல் நாள்

காபி, டீ வேண்டாம், ஸ்கேனுக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே. பெங்களூர்க்காரரிடம் ஃபில்டர் காபியை நிறுத்தச் சொல்வது பாவம்தான், ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மூன்று நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும்.

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மறைக்கக் கூடாதவை சில உண்டு. ஆஸ்துமா இருந்தால் சொல்ல வேண்டும், ஏனென்றால் துடிப்பைக் குறைக்கக் கொடுக்கும் மெட்டோபுரோலால் வகை மாத்திரை மூச்சிரைப்பைக் கிளப்பிவிடலாம். அதற்குப் பதிலாக வேறு மாத்திரை இருக்கிறது. முன்பு எப்போதாவது டை போட்டு உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் சொல்ல வேண்டும், கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ. வழியை டாக்டர் யோசிப்பார். அப்புறம் ஆண்கள் சொல்ல வெட்கப்படுகிற ஒன்று: வயாகரா வகை மாத்திரை. குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லோரும் 'இல்லை' என்பார்கள் என்பதால், நான் தனியாக அழைத்துத்தான் கேட்பேன்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது, டையில் அயோடின் இருக்கிறதே என்று பயப்படுபவர்கள் நிறைய. அந்த ஒவ்வாமை அவற்றில் உள்ள புரதத்தால் வருவது. அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அறைக்குள்

போனதும் ஈ.சி.ஜி. ஒட்டிகள் நெஞ்சில் ஒட்டுவோம். இது வெறும் கண்காணிப்புக்கு அல்ல. எந்தக் கணத்தில் படம் எடுக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது ஈ.சி.ஜி.தான். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் இதயம் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், அந்த இடைவெளியில் எடுப்போம். துடிப்பு 60 அளவில் இருந்தால் இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். 90 என்றால் படம் கலங்கிவிடும், மூன்று மில்லிமீட்டர் குழாய் இரண்டு குழாய் மாதிரித் தெரியும். அதனால்தான் மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறோம். அந்த நேரத்தில் ஆபீஸ் போனை எடுக்காதீர்கள். மானேஜரோடு பேசி முடித்தவருக்குத் துடிப்பு 58லிருந்து 84க்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கை மடிப்பில், பெரும்பாலும் வலது கையில், கொஞ்சம் தடிமனான ஊசிக்குழல் போடுவோம். டை நொடிக்கு 5 மில்லிலிட்டர் வேகத்தில் பாய்வதால் மெல்லிய நரம்பு தாங்காது. மொத்தம் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை போகும். அது உள்ளே போகும்போது தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரை சுடுதண்ணீர் இறங்குவது போலிருக்கும். சிறுநீர் போய்விட்டதோ என்றே தோன்றும், போயிருக்காது. அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்று வலித்து வீங்கினால் மட்டும் உடனே சத்தம் போடுங்கள்.

இப்போது மூச்சு. ஐந்து முதல் பத்து நொடிதான் பிடிக்க வேண்டும். முழு பலத்தோடு இழுக்காமல், முக்கால்வாசி இழுத்து நிறுத்துங்கள். வயிற்றை இறுக்காதீர்கள், இறுக்கினால் துடிப்பு தடுமாறும். நான் எப்போதும் ஒரு தடவை ஒத்திகை பார்ப்பேன். தமிழ்ப் பதிவு இயந்திரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், பல இயந்திரங்களில் எங்கள் குரலையே பதிவு செய்துவைக்க முடியும். இல்லையென்றால் 'பிடி'யையும் 'ஹிடி'யையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறென்ன செய்வது!

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்பார்கள். சரியாகத் திட்டமிட்டு, துடிப்பு குறைவாக இருக்கும்போது எடுத்தால் நவீன இயந்திரத்தில் பெரும்பாலும் 5 மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நமக்கு வருஷத்துக்கு வந்துகொண்டிருப்பது உலக சராசரியில் 2.4. துடிப்பு வேகமாக இருந்தால் கதிர்வீச்சும் கூடும். மாத்திரை போட்டுக் காத்திருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தலைவலி வரலாம், நைட்ரோகிளிசரினின் வேலை. நிறையத் தண்ணீர் குடியுங்கள். இப்போது காபியும் குடிக்கலாம்.

ரிப்போர்ட்: வழியைத் தேடுங்கள்

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது கால்சியம் எண்ணை. பூஜ்யம் என்று இருந்தால் லட்டு வாங்கிவிடுகிறார்கள். கால்சியம் எண் சொல்வது கொழுப்பு படிந்து சுண்ணாம்பு கட்டியிருக்கிறதா என்பதை. குழாய் எங்கே கிளம்பி எப்படிப் போகிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அடைப்பு எவ்வளவு என்று எண் போட்டுச் சொல்லும் முறைக்குப் பெயர் கேட்-ராட்ஸ். 'கேட்-ராட்ஸ் 0' என்பதும் அப்படித்தான், அடைப்பு இல்லை என்று மட்டுமே அர்த்தம். 2022இல் அந்த முறையைத் திருத்தியபோது, பிறவியிலேயே தவறான இடத்தில் கிளம்பும் குழாய் போன்றவற்றைக் குறிக்க 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், சிவாஜிநகரில் கடை வைத்திருப்பவர், ஒரு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் பீரோவில் வைத்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில் நான்காவது வரியில்தான் விஷயம் இருந்தது. சுருக்கத்தில் அதைத் தூக்கி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. முழுதும் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தேட வேண்டியது இரண்டு: எங்கே கிளம்புகிறது, எந்த வழியாகப் போகிறது. இரண்டாவதுதான் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. தவறான பக்கத்தில் கிளம்பிய குழாய் தன் இடத்துக்குப் போய்ச் சேர வழக்கமாக நான்கு வழிகளில் ஒன்றைப் பிடிக்கும்.

மகாதமனிக்குப் பின்புறமாகச் சுற்றிப் போனால் பொதுவாகத் தொல்லை இல்லை. இடது குழாய் பிரியும் இரண்டில் ஒன்றான சுற்றுக்கிளை வலது பக்கத்தில் கிளம்பி இப்படிப் போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். நுரையீரல் தமனிக்கு முன்புறமாகப் போனாலும் பெரும்பாலும் அப்படியே. பிற்காலத்தில் நெஞ்சைத் திறக்கும் சர்ஜன் கத்தி வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, இதயத்தின் நடுச்சுவர்த் தசைக்குள் புகுந்து போவது. இதுவும் பெரும்பாலும் சாதுதான்.

நான்காவது வழி மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில். ரிப்போர்ட்டில் இது இருந்தால் இதய டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள். அதிலும் இடது குழாய் இப்படிப் போனால் வலது குழாயைவிட ஆபத்து அதிகம். நல்லவேளையாக வலது குழாயில்தான் இது அதிகம் காணப்படுகிறது.

இரண்டு பெரிய லாரிகளுக்கு நடுவில் மாட்டிய ஸ்கூட்டர் மாதிரி நசுங்கிவிடும் என்று பலரும் விளக்குவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகக் குறைவு, அது எதையும் நசுக்கும் வலு உள்ள லாரி அல்ல. உண்மையான தொல்லை வேறு இடத்தில். இப்படிப் போகும் குழாய் பல சமயம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே கொஞ்ச தூரம் புதைந்து போகும். வாய் வட்டமாக இல்லாமல், உண்டியலில் காசு போடும் துளை மாதிரி கீறலாக இருக்கும். ஓடும்போது மகாதமனி விரிந்து இழுபடும், அந்தக் கீறல் இன்னும் மெலியும், இதயத்துக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில். அதனால் நல்ல ரிப்போர்ட்டில் வாயின் வடிவம், குழாய் கிளம்பும் கோணம், சுவருக்குள் போகும் நீளம், அங்கே எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று நான்கும் இருக்கும். இல்லையென்றால் "இதையெல்லாம் அளந்து எழுதித் தர முடியுமா" என்று கேட்பதில் தவறே இல்லை. படம் அங்கே கணினியில்தான் இருக்கிறது, மறுபடி ஸ்கேன் வேண்டாம்.

மூன்றாவது வழியும் நான்காவது வழியும் ஒற்றைப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். பழக்கமில்லாதவர் குழம்பும் இடம் இது. நுரையீரல் தமனி வால்வின் மட்டத்திலோ அதற்கு மேலோ போனால் அது நான்காவது வழி. வால்வுக்குக் கீழே, சுற்றிலும் தசை சூழ்ந்திருந்தால் மூன்றாவது. ஒன்றுக்கு அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும், மற்றதற்குப் பெரும்பாலும் ஒன்றுமே தேவைப்படாது. ஆகவே நான்காவது வழி என்று ரிப்போர்ட் வந்தால், இதயப் படங்களில் ஊறிய இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

'மயோகார்டியல் பிரிட்ஜ்' என்று எழுதியிருந்தால் குழாய் கொஞ்ச தூரம் தசைக்கு அடியில் போகிறது என்று அர்த்தம். சி.டி.யில் இது நிறையப் பேருக்குத் தெரியும், பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். இடது குழாய் மகாதமனியை விட்டுவிட்டு நுரையீரல் தமனியிலிருந்தே கிளம்புவது மிக அபூர்வம். 1933இல் மூன்று டாக்டர்கள் விவரித்த இந்தக் கோளாறோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சிகிச்சை இல்லாமல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. பக்கக் கிளைகள் உதவியோடு தப்பி வளர்ந்து, பெரியவரான பிறகு சி.டி.யில் சிக்குபவர்களும் உண்டு. அதற்கு அறுவை சிகிச்சைதான்.

டாக்டரிடம் திரும்பும்போது

சி.டி. அமைப்பைத்தான் காட்டும். ஓடும்போது உண்மையிலேயே ரத்தம் குறைகிறதா என்று பார்க்க, உழைப்பு கொடுத்து எடுக்கும் வேறு சோதனை ஒன்றை டாக்டர் எழுதலாம். ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். தீர்மானம் ஆகும்வரை ஜிம், மாரத்தான் பயிற்சி, வார இறுதிக் கிரிக்கெட் எல்லாவற்றையும் நிறுத்தலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நடுவில் மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்புறம், ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். முழுப் படத்தொகுப்பையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வேலூரிலோ சென்னையிலோ இன்னொரு டாக்டரிடம் காட்டப் போனால், அவர் அரை மில்லிமீட்டர் அடுக்குகளைத் தன் கணினியில் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பார். ஃபிலிமில் நாங்கள் அச்சடித்துக் கொடுப்பது நூற்றுக்கணக்கான படங்களில் ஒரு இருபது. பென் டிரைவை வீட்டில் ஒரு தடவை போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.